ஜாடி 31 முதல் 49 வரை

சமர்கந்து
29 நவம்பர் 1968

தாஷ்குடுக் கள நிலையப் பொறுப்பாளர் தோழர் ஹம்ரோகுல் அவர்களுக்கு,

கருவியல் பிரிவிலிருந்து எழுதுவது. நவம்பர் ஐந்தாம் தேதி நீங்கள் ஆடுகளை அறுத்து எடுத்து அனுப்பிய கருக்கள், ஜாடி 31 முதல் 49 வரை, உடையாமல் வந்து சேர்ந்தன. எல்லா ஜாடியிலும் ஒரே சீட்டு ஒட்டியிருக்கிறது: ‘பச்சைச் சாயம், சேர்ந்த நாள் அக்டோபர் 16, கருவின் வயது இருபது நாள்.’

இதில் ஒரு சிக்கல். இருபதாம் நாள் கரு என்றால் இதயம் வளைந்து உருவாகியிருக்க வேண்டும், முன்கால் முளைக்கும் இடம் லேசாகப் புடைத்திருக்க வேண்டும். ஜாடி 38, 41, 44, 47 ஆகியவற்றில் புடைப்பும் இல்லை, இதயம் என்று சொல்லக்கூடியதும் இல்லை.

உங்கள் குறிப்பேட்டின்படி பதினாறாம் தேதி ஒரே கிடாய் பத்தொன்பது ஆடுகளைச் சேர்ந்திருக்கிறது. அடுத்த மூன்று நாளும் ‘மணற்காற்று, கிடாய் விடவில்லை’. அந்தக் கிடாய்க்குப் பதக்கம் கொடுக்கச் சொல்லி எழுதலாமா என்று எங்கள் பிரிவில் கேட்கிறார்கள். ஆடு எந்த நாளில் சேர்ந்தது என்பதை அதன் பின்புறத்துச் சாயம்தான் சொல்கிறது. கிடாயின் நெஞ்சில் தினம் ஒரு நிறம் மாற்றிப் பூசும் வேலை தவறாமல் நடந்ததா என்று தெரிவிக்கவும்.

முனவ்வர்
கருவியல் பிரிவு

(கையெழுத்தில்) தட்டச்சுப் பெண் வழியாகப் போவதால் வேறொன்றும் எழுதவில்லை. எழுதவும் ஒன்றுமில்லை.

*

தாஷ்குடுக்
10 டிசம்பர் 1968

முனவ்வர்,

‘தோழர் ஹம்ரோகுல் அவர்களுக்கு’ என்று பார்த்ததும் என்னை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள் என்றே நினைத்தேன். பிறகுதான் கீழே உன் பெயரைப் பார்த்தேன். கட்டிய பெண்டாட்டியிடமிருந்து பதினான்கு மாதத்தில் எனக்கு வந்த நாலாவது கடிதம் இது. நாலும் ஜாடியைப் பற்றித்தான்.

சாயம் ஒழுங்காகத்தான் பூசினோம். கழிக்கப்போகிற கிழட்டு ஆடுகளைத்தானே உன் ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறார்கள்? பல் விழுந்த ஆட்டின் வயிற்றில் கரு கொஞ்சம் மெதுவாக வளர்ந்தால் அதற்கு நான் என்ன செய்ய? தலைமை மேய்ப்பர் பொசோர் அண்ணனுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். “உன் பொண்டாட்டி பாக்குற கண்ணாடியில தூசி கீசி இருக்கும், நல்லா தொடைச்சுட்டுப் பாக்கச் சொல்லுடா”ன்னு சொன்னார். அதை அப்படியே எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. வானொலிக்குப் பேட்டரி இல்லை. தண்ணீர் லாரி புதன்கிழமை வருகிறது, வியாழன் காலை போகிறது, அவ்வளவுதான் எங்களுக்கு நாள்கணக்கு. நான் எழுதுவதில் நீ கவனமாகப் படிப்பது ஜாடிச் சீட்டு மட்டும்தான் என்பதால் அதை எப்போதும் நல்ல கையெழுத்தில் எழுதுகிறேன்.

ஹம்ரோ

*

சமர்கந்து
20 டிசம்பர் 1968

ஹம்ரோ,

இது தட்டச்சுக்குப் போகவில்லை. வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

மழுப்பாதீர்கள். கண்ணாடியில் தூசி இல்லை. பத்தொன்பது கருக்களையும் மெழுகில் பதித்து, முடியை விட மெல்லிசாகச் சீவி, வரிசையாகத் தகட்டில் ஒட்டிப் பார்த்துவிட்டேன். மூன்று வாரம் ஆனது. மதியச் சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே சாப்பிட்டேன். பேசினால் எண்ணிக்கை தப்பும் என்று எங்கள் பிரிவுப் பெண்கள் என்னிடம் பேசுவதையே விட்டுவிட்டார்கள்.

மெதுவாக வளரும் கரு உண்டு, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். உங்கள் பத்தொன்பதும் கத்தியால் வெட்டியது போல நாலு கூறாகப் பிரிகின்றன. ஆறு, ஐந்து, நாலு, நாலு.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். கரு உண்டானதும் அது ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, நாலாம் நாள் வாக்கில் உருண்டையாகக் கருப்பைக்குள் இறங்குகிறது. பதினாலாம் நாள் பார்த்தால் உருண்டையைக் காணோம், கந்தலான வெள்ளை நூல் மாதிரி ஒன்று கிடக்கிறது. முதன்முதலில் அதைக் கண்டபோது ஏதோ அழுக்கு என்று கொட்டப் போனேனே, நினைவிருக்கிறதா? அந்த நூலின் நடுவில்தான் குட்டி. பதினைந்து, பதினாறில் அங்கே ஒரு கோடு விழுகிறது. பிறகு அதன் இருபக்கமும் அரிசி பதித்தது போல முதுகின் கட்டிகள் ஒவ்வொரு ஜோடியாக வருகின்றன. அவற்றை எண்ணினால் போதும், எது முந்தியது எது பிந்தியது என்று சொல்லிவிடலாம். இதயமும் முதலில் ஒன்றாக இல்லை, இடப்பக்கம் ஒரு குழாய், வலப்பக்கம் ஒரு குழாய். அவை நடுவில் வந்து ஒட்டிய பிறகே வளைகிறது, துடிக்கிறது.

உங்கள் கடைசிக் கூறில் இரண்டு குழாய்களும் தனித்தனியாக இருக்கின்றன. அதற்கு முந்தியதில் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அதற்கும் முந்தியதில் ஒட்டிவிட்டன. முதல் கூறில் வளைந்து, முன்கால் புடைப்பும் வந்துவிட்டது. அப்படியானால் நாலு நாள் கிடாய் ஓடியிருக்கிறது, நாலு நாளும் பச்சைச் சாயத்தோடே ஓடியிருக்கிறது. மணற்காற்று அடிக்கவில்லை. நிறம் மாற்ற ஆளில்லை.

பதினாறாம் தேதி முதல் பத்தொன்பதாம் தேதி வரை நீங்கள் தாஷ்குடுக்கில் இல்லை. எங்கே இருந்தீர்கள்?

ரயிலடி மருத்துவமனையில் ஒரு நர்ஸ் இருப்பதாக இங்கே இரண்டு பேர் என் காதுபடப் பேசினார்கள். அதுதான் என்றால் சொல்லிவிடுங்கள். கத்த மாட்டேன். எனக்குச் சரியான தேதி வேண்டும்.

முனவ்வர்

*

தாஷ்குடுக்
31 டிசம்பர் 1968

முனவ்வர்,

அந்த நர்ஸுக்கு அறுபது வயது. என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினாள். வேறு உறவு எங்களுக்குள் இல்லை.

நான் சமர்கந்தில் இருந்தேன்.

பதினாறாம் தேதி காலை கிடாய்க்குப் பச்சை பூசிவிட்டு, நீலம், சிவப்பு, கரி மூன்றையும் கொழுப்பில் குழைத்து டப்பாவில் வைத்து, “அண்ணே, தினம் காலையில பழசைத் தொடைச்சுட்டு அடுத்ததைப் பூசுங்க”ன்னு பொசோர் அண்ணனிடம் சொல்லிவிட்டு, அன்று மட்டும் இரவு தங்காமல் திரும்பிய தண்ணீர் லாரியில் ஏறிவிட்டேன். மூன்றாம் நாள் நிலத்தடி ஆராயும் கூட்டத்தார் வண்டியில் இடம் கிடைத்து, பத்தொன்பதாம் தேதி பொழுது சாய வந்து சேர்ந்தேன். வந்து பார்த்தால் பட்டி முழுக்கப் பச்சை. அண்ணன் சிரிக்கிறார். “பச்சையில கிடாய் என்னா குஷியா இருந்துச்சு தெரியுமா! ராசியான நிறம்டா. அதை எதுக்கு மாத்தணும்?” முப்பது வருஷமாக மந்தை பார்க்கிற மனுஷன். நிறம் என்பது கிடாய்க்குத் தெம்பு வர என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். நானும் ஒரு தடவைகூட அவருக்கு விளக்கிச் சொன்னதில்லை. பூசுங்க என்பேன், பூசுவார்.

இல்லாத நேரத்தில் நடந்தது என்று எழுதினால் ஏன் இல்லை என்று கேட்பார்கள். மணற்காற்று என்று எழுதிவிட்டேன்.

ஏன் வந்தேன் என்று நீ இன்னும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். உன் அம்மா வீட்டில் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து உட்கார மாட்டேன் என்று அன்றைக்கு ஊரே கேட்கக் கத்தினேன் அல்லவா? வந்து உட்காருகிறேன் என்று சொல்லத்தான் வந்தேன். சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு, வழியில் இரண்டு முலாம்பழம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

உங்கள் வீட்டில் அக்கம்பக்கத்துக் கல்யாணப் பெண்ணுக்கு மெத்தை தைத்துக்கொண்டிருந்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது. முற்றம் பூராவும் பஞ்சு, பெண்கள் கூட்டம். ஆண்பிள்ளை சட்டென்று நுழைய முடியுமா? தொண்டையைச் செருமலாம் என்று நின்றேன். அதற்குள் யாரோ கேட்டாள்: “ஏண்டி முனவ்வர், உன் வீட்டுக்காரர் எப்பதான் வருவாரு?” உன் அம்மா சொன்னாள்: “அவரு எதுக்கு வரணும்? அங்கே நானூறு பொண்டாட்டி இருக்கு அவருக்கு. ஒவ்வொருத்திக்கும் நாலு கால்!”

எல்லோரும் சிரித்தார்கள். உன் சிரிப்பு தனியாகக் கேட்டது. கல்யாணமான புதிதில் கேட்டது, அதன் பிறகு இந்தக் கிணற்றடியில் நீ என்னோடு இருந்த இரண்டு வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. இங்கே உப்புத் தண்ணீரில் தலை குளித்து, மெழுகு உருகுகிறதே என்று அழுத பெண், அங்கே வயிறு குலுங்கச் சிரிக்கிறாள். இவளை எதற்குக் கெடுக்க வேண்டும் என்று தோன்றியது. பழத்தை வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இங்கே பேச ஆளில்லை, முனவ்வர். அதுதான் உண்மை. கிடாயிடம் பேசுகிறேன்.

ஹம்ரோ

*

சமர்கந்து
10 ஜனவரி 1969

ஹம்ரோ,

உங்கள் கடிதத்தைப் படித்து மூன்று நாள் உங்கள் மேல் கோபமாக இருந்தேன். இன்னும் தீரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

அந்த நானூறு பொண்டாட்டி நகைச்சுவை அம்மாவுடையது இல்லை, என்னுடையது. இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் நான்தான் சொன்னேன். வாரத்துக்கு ஒருத்தி வந்து “எப்ப வருவாரு, எப்ப வருவாரு” என்று பிடுங்கினால் என்ன சொல்வது? அதைச் சொன்னால் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். சிரிக்காமல் இருந்தால் அடுத்த கேள்வி வரும். ஆமாம், சிரித்தேன். சத்தமாகத்தான் சிரித்தேன். ஏழு பெண்கள் நடுவில் உட்கார்ந்து சிரித்தவளைக் கேட்டீர்கள். அவர்கள் போன பிறகு தனியாகப் பஞ்சு பொறுக்கியவளையும் நின்று பார்த்திருக்கலாம். உங்களுக்கு எதிலும் அவசரம்.

வாசலில் யாரோ பழம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அம்மா எடுத்து வந்தாள். கல்யாண வீட்டார் அனுப்பியது என்று எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தாள். நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன். நல்ல இனிப்பு. இதை எழுதும்போது எனக்குத் தாங்கவில்லை.

சரி, இப்போது வேலை. பிப்ரவரி இருபதாம் தேதி ஆய்வுக் குழு முன் என் அட்டவணையை வைக்க வேண்டும். கரு உண்டான நாளிலிருந்து உறுப்புகள் எல்லாம் வந்து முடியும் வரை, எந்த நாளில் எது உருவாகிறது என்று. மூன்று வருஷ உழைப்பு. அதில் பதினேழு முதல் இருபது வரை உங்கள் ஜாடிகளை விட்டால் எனக்கு வேறு இல்லை. அடுத்த இலையுதிர் காலம் வரை கிடைக்கவும் கிடைக்காது. அச்சானால் எல்லாப் பண்ணைகளும் அதை வைத்துத்தான் சினை ஆட்டுக்கு எந்த நாளில் தீனி கூட்டுவது என்று முடிவு செய்யப்போகிறார்கள். தேதி தப்பினால் தீனி தப்பும்.

நான் குழுவிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் உங்கள் வேலை போகும். இதைத் தெரிந்துகொண்டே எழுதுகிறேன்.

முனவ்வர்

*

தாஷ்குடுக்
20 ஜனவரி 1969

முனவ்வர்,

நீ பழம் சாப்பிட்டாய் என்பதையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

வேலை விஷயத்துக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. நாலு கூறாகப் பிரிகிறது என்று நீயே சொன்னாய். கடைசிக் கூறுக்குப் பதினேழு, அடுத்ததற்குப் பதினெட்டு, பத்தொன்பது, இருபது என்று போட்டுவிடு. நான் குறிப்பேட்டில் அதற்கு ஏற்றபடி நிறங்களைத் திருத்திக் கையெழுத்து வைத்து அனுப்புகிறேன். அதுதானே உண்மையும்? பொய்யை அழித்து உண்மையை எழுதுவதில் யாருக்கு என்ன நட்டம்? இந்த வேலை போனால் எனக்கு வேறு வேலை தெரியாது. வயது நாற்பத்தொன்று.

27 ஜனவரி

பனியால் லாரி வரவில்லை, மேலே எழுதியது ஒரு வாரமாக என்னிடமே கிடக்கிறது. கிழித்துப் போட நினைத்தேன். கிழிக்காமல் அனுப்புகிறேன், நான் எப்படிப்பட்டவன் என்று நீ தெரிந்துகொள்.

நேற்று பொசோர் அண்ணனுக்கு நிறத்தின் கணக்கை விளக்கினேன். ஒவ்வொரு நிறமும் ஒரு நாள், அதை வைத்துத்தான் கருவின் வயது என்று. சாய டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். அப்புறம், “அப்ப அந்தப் பொண்ணோட மூணு வருஷத்துல நான் மண்ணைப் போட்டுட்டேனாடா?” என்றார். நீங்க இல்லை அண்ணே, நான்தான் என்றேன். “அப்ப சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, எதுக்கு மென்னு முழுங்குற?” என்றார்.

கருக்களைப் பார்த்து நாமாகத் தேதி போட்டால், தேதியை வைத்து நீ கருவைப் பார்த்ததாக ஆகாது. இது உனக்கு முதலிலேயே தெரியும். எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. பதினாறு முதல் பத்தொன்பது வரை நான் நிலையத்தில் இல்லை, மணற்காற்று என்று எழுதியது பொய் என்று இயக்குநருக்கு எழுதிவிட்டேன். இந்த உறையோடு அதுவும் வருகிறது. நீ காட்டிக்கொடுக்க வேண்டாம்.

ஹம்ரோ

*

சமர்கந்து
21 பிப்ரவரி 1969

ஹம்ரோ,

நேற்று குழு கூடியது. பதினொரு ஆண்கள், நான் ஒருத்தி.

அட்டவணையில் பதினாறு வரை நிரப்பினேன். இருபத்தொன்றிலிருந்து கடைசி வரை நிரப்பினேன். நடுவில் நாலு வரிசை வெறும் தாள். இதயம் உருவாகும் நாட்கள் இல்லாத கரு அட்டவணை. பின் வரிசையில் ஒருவர் சிரித்தார். இன்னொருவர், “நாலு நாள்தானேம்மா, முன்னயும் பின்னயும் பாத்து அனுமானமா நிரப்பிடுங்க” என்றார். நிரப்ப மாட்டேன் என்றேன். அடுத்த இலையுதிர் காலத்துக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

பிறகு உங்கள் கடிதத்தைப் படித்தார்கள். நிலையத்தை விட்டு எங்கே போனார் என்று அதில் நீங்கள் எழுதவில்லை. குடித்துவிட்டுக் கிடந்திருப்பார் என்று ஒருவர் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, “என்னைப் பார்க்க வந்தார்” என்றேன்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பாத்தாரா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவ்வளவும் கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டது. ‘பொறுப்பாளர் மனைவியைப் பார்க்கச் சென்றார், பார்க்கவில்லை.’ தட்டச்சுப் பெண் அதை என்னிடம் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உங்களை நீக்கியாகிவிட்டது. மார்ச் பத்துக்குள் புது ஆள் வருவார். நான் ஒன்றும் செய்ய முடியவில்லை. செய்யவும் முயலவில்லை, ஏனென்றால் அது நியாயமான தண்டனை. இதைச் சொல்லாமல் மறைத்தால் நான் நானாக இருக்க மாட்டேன்.

இப்போது என்ன செய்யப்போகிறீர்கள்?

முனவ்வர்

*

தாஷ்குடுக்
26 பிப்ரவரி 1969

முனவ்வர்,

லாரிக்காரரிடம் காலையில் கொடுக்க வேண்டும், சுருக்கமாக எழுதுகிறேன்.

உன் மேல் வருத்தம் இல்லை. பதினொரு ஆண்கள் முன் அப்படிச் சொன்னாய் என்று படித்தபோது வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

வடக்கே ஆறு நாள் தூரத்தில் ஒரு கிணறு. பம்பு ஓட்ட ஆள் தேடுகிறார்களாம். பொசோர் அண்ணனின் மைத்துனர் மார்ச் பத்தொன்பதாம் தேதி அந்தப் பக்கம் மந்தை ஓட்டுகிறார், கூடப் போகிறேன். அங்கே தபால் கிடையாது. ஒரு விதத்தில் அதுவும் நல்லதுதான், வாரா வாரம் லாரியை எதிர்பார்த்து நிற்க வேண்டாம்.

வேலையில்லாதவனாக உன் அம்மா வீட்டு வாசலில் வந்து நிற்க என்னால் முடியாது. வேலை இருந்தபோதே முடியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். உட்கார்ந்து சாப்பிடு.

ஹம்ரோ

*

சமர்கந்து
7 மார்ச் 1969

ஹம்ரோ,

அம்மா வீட்டை விட்டு வந்துவிட்டேன். எங்கள் ஆய்வுக் கழகத்துக்குப் பின்னால் ஒரு குடியிருப்பில் அறை ஒன்று காலியாக இருப்பதாக உங்கள் கடிதம் வந்த அன்றே கேள்விப்பட்டேன். இரண்டு கட்டில் போட்டால் நடக்க இடம் இருக்காது, ஜன்னல் வேறு சுவரைப் பார்த்து இருக்கிறது. அம்மா நாலு நாள் பேசவில்லை. பிறகு ஒரு பானையையும் அரிசிப் பையையும் தூக்கிக்கொண்டு தானே வந்து வைத்துவிட்டுப் போனாள்.

தனி ஆளுக்கு அறை இல்லை, குடும்பத்துக்குத்தான் தருவோம் என்றார்கள். திருமணச் சான்றைக் காட்டினேன். பதிவு அலுவலகத்தில் ஒரு தடித்த அம்மா உட்கார்ந்திருந்தாள்.

“வீட்டுக்காரர் கூட இருக்காரா?”

“இருக்கார்.”

“எந்தத் தேதியிலேர்ந்து?”

என் வாய் தானாகத் திறந்தது. “மார்ச் அஞ்சாம் தேதியிலேர்ந்து” என்றேன்.

எழுதிக்கொண்டாள். முத்திரை குத்தினாள். கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள், போட்டேன். நாலு நாளை அனுமானமாக நிரப்ப மாட்டேன் என்று பதினொரு பேர் முன் நிமிர்ந்து நின்றவள்தான். வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் மணற்காற்று என்று எழுதியபோது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. அதற்காக அது சரி என்று ஆகிவிடாது. இரண்டும் தப்புதான்.

இது யார் வீடும் இல்லை. உங்களை யாரும் மாப்பிள்ளை என்று கூப்பிட மாட்டார்கள். கழகத்துக்குச் சொந்தமான ஆட்டுப் பட்டியில் தீவனம் போட ஆள் வேண்டும், சின்ன வேலை, நான் இன்னும் யாரிடமும் பேசவில்லை. வந்து நீங்களே கேளுங்கள்.

இந்தக் கடிதம் புதன்கிழமை உங்கள் கைக்கு வரும். அதே லாரி வியாழன் காலை ரயிலடிக்குத் திரும்பும். சனிக்கிழமை இங்கே இருக்கலாம்.

திங்கட்கிழமை, பதினேழாம் தேதி, அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று சரிபார்க்க ஆள் வருகிறான். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன், ஹம்ரோ. என்னைப் பொய்யாக்காதீர்கள்.

முனவ்வர்